வாடகைப் பாட்டும் சொந்தப் பாட்டும்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவிலோ சித்திரைத் திருநாளிலோ அன்பர்கள் நாலு பேர் ஒன்று கூடினால் முன்பெல்லாம் பேச்சு ரயில் டிக்கெட்டில்தான் ஆரம்பிக்கும். ஜி.டி.யில் கன்ஃபர்ம் ஆயிற்றா, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்ததா என்று விசாரித்துக்கொள்வோம். இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. "சார், நீங்க இப்போ பாட்டு எதுல கேக்கறீங்க?"

கேட்பவர்கள் அநேகமாக அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் போனில் ஏற்றிக் கொடுத்த ஏதோ ஒரு பாட்டுச் செயலியில் ஏழெட்டு வருஷம் பழகியவர்கள். ஒரு நாள் அது மூடப்பட்டது. பதிலாக எது, அதில் நம் பாட்டுகள் இருக்கின்றனவா, மாதம் எவ்வளவு கேட்கிறான் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதனால்தான் ஆசிரியரிடம் கேட்டு இந்த இடத்தைப் பிடித்தேன்.

முதலில் நடந்தவற்றை வரிசைப்படுத்துவோம். ஃபிளிப்கார்ட் 2012-ல் தொடங்கிய 'ஃப்ளைட்' என்ற பாட்டுக் கடை 2013-லேயே மூடப்பட்டது. இந்தியப் பாடல்களுக்கென்றே இருந்த 'திங்கானா' 2014-ல் நின்றது. கூகுள் ப்ளே மியூசிக் 2020 கடைசியில் முடிந்தது. 'கானா' 2022-ல் இலவசத்தை நிறுத்திக் கட்டணச் சேவையாக மாறியது. 'ரெஸ்ஸோ' 2024 ஜனவரி 31-ஆம் தேதியோடு இந்தியாவில் நின்றது. அதே வருஷம் ஆகஸ்டில் ஏர்டெல் தன் 'விங்க் மியூசிக்'கை மூடப்போவதாக அறிவித்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் இத்தனை! இன்று உயிரோடு இருப்பதும் நாளை இருக்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கம்பெனிகளைத் திட்டுவது என் நோக்கமல்ல. ஒவ்வொரு தடவை பாட்டு ஓடும்போதும் உரிமை வைத்திருப்பவருக்குப் பணம் போக வேண்டும். விளம்பரத்தில் வரும் வருமானம் அதற்குக் கட்டுபடியாவதில்லை. ஒரு காலத்தில் இருபது முப்பது ரூபாய் கொடுத்து ஒரு கேஸட் வாங்கிய நம்மவர்கள், இன்று லட்சக்கணக்கான பாட்டுக்கு மாதம் நூறு ரூபாய் என்றால் யோசிக்கிறார்கள். நஷ்டத்தில் ஓடும் கடையை மூடத்தான் செய்வார்கள். மூடும்போது வாடிக்கையாளர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் என் கேள்வி.

வெளியூரில் குடியிருக்கும் நமக்கு இந்தச் சேவைகள் என்ன செய்தன என்று இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். நான் நாக்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் தமிழ்ப் பாட்டு என்றால் ராத்திரியில் சிற்றலையில் இலங்கை வானொலிதான். அலை ஏறி இறங்கும். பல்லவி கேட்டால் சரணம் காற்றோடு போய்விடும். பிறகு கேஸட் வந்தது. ஊருக்கு லீவில் போகும்போது தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு போய் ரிக்கார்டிங் சென்டரில் கொடுப்போம். அறுபது நிமிஷ கேஸட்டா, தொண்ணூறா என்று கேட்பார்கள். லீவு முடிந்து திரும்பும்போது ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் அந்த நாலு கேஸட்டும் பத்திரமாக வரும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வோம். அந்தப் பாட்டு நம்முடையது. ரிக்கார்டிங் சென்டர் மூடினாலும் கேஸட் பாடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம்தான் இந்தப் பாட்டுச் சேவைகள். இனி ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம் என்றானது. என் தாயாருக்கு இப்போது 86 வயது. அப்பா காலமானபின் எங்களோடு வந்து இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது. பாட்டின் முதல் வரியை அவர் சொல்ல மாட்டார். "உன் சித்தி கல்யாணத்துல மைக் செட்காரன் திருப்பித் திருப்பிப் போட்டானே, அது" என்பார். "நீ டிப்ளமா சேர்ந்த வருஷம் டூரிங் டாக்கீஸ்ல பார்த்தோமே, அதுல அந்தம்மா அழுதுண்டே பாடுவா" என்பார். அந்தத் துப்பை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சேர்த்தோம். ஏழு வருஷத்தில் 640 பாட்டு சேர்ந்தது. காலை, மத்தியானம், தூக்கம் வராத ராத்திரி என்று அம்மா சொன்னபடி மூன்று பட்டியல். நாங்கள் வைத்திருந்த சேவையின் பெயர் இங்கே வேண்டாம். அது நின்றபோது 640-உம் போயிற்று. மனைவியும் நானும் இப்போது மறுபடி 210 வரை வந்திருக்கிறோம். மிச்சத்தை அம்மாவின் ஞாபகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த ஞாபகமும் ஏழு வருஷத்துக்கு முன் இருந்தது போல இல்லை.

இதைக் கேட்டதும் ஒரு நண்பர், "டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கலாமே" என்றார். பண்ணித்தான் வைத்திருந்தோம். இங்கேதான் விஷயம் புரிய வேண்டும். இந்தச் செயலிகளில் 'டவுன்லோட்' என்பது பூட்டிய பெட்டி. பாட்டு உங்கள் போனில் இருக்கும், சாவி கம்பெனியிடம் இருக்கும். சந்தா உயிரோடு இருக்கிறதா என்று செயலி அவ்வப்போது கேட்டுக்கொள்ளும். கம்பெனி கடையைக் கட்டினால் பெட்டி திறக்காது. பட்டியலோ அதைவிட லேசு. அதில் பாட்டே கிடையாது. இத்தனாம் நம்பர் பாட்டு, அத்தனாம் நம்பர் பாட்டு என்று அந்தக் கம்பெனியின் சொந்த எண்கள் மட்டும்தான் இருக்கும். வேறு எவனுக்கும் அந்த எண் புரியாது. ஆக, நாம் இத்தனை வருஷம் இருந்தது வாடகை வீட்டில். நாம் நட்ட மரமும் அந்த வீட்டுக்காரருடையதாகிவிட்டது.

எல்லோரும் அப்படி நடத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'ஃப்ளைட்' விற்றது பூட்டில்லாத எம்.பி.3. கடை மூடியது, ஆனால் வாங்கி இறக்கிக்கொண்டவர்களிடம் பாட்டு இன்றும் ஓடும். கூகுள் தன் பழைய சேவையை மூடுமுன் பட்டியலையும் சேகரிப்பையும் யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள ஒரு வழி வைத்தது. பல மாதம் அவகாசமும் கொடுத்தது. ஆகவே, மரியாதையாக மூடுவது முடியாத காரியமல்ல. மனசு வைத்தால் நடக்கிறது.

மனசு வைக்காதவர்களை வைக்கச் செய்ய சட்டம் உண்டா? ஐரோப்பாவில் உண்டு. 2018 முதல் அமலில் உள்ள அவர்களுடைய தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவர் தான் கொடுத்த தகவலைத் திரும்பப் பெற்று இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துப்போகும் உரிமை இருக்கிறது. நம் நாட்டில் 2019-ல் வந்த மசோதாவிலும் அது இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அதைக் காணோம். டெலிபோன் கம்பெனி மாறினாலும் பழைய நம்பரே தொடரும் ஏற்பாடு 2011-ல் நாடு முழுக்க வந்தது. 2015-லிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் நம்பர் கூடவே வருகிறது. மாற்றலாகி மாற்றலாகி வாழ்ந்த நமக்கு அது எவ்வளவு பெரிய சௌகரியம்! பத்து இலக்க நம்பரை எடுத்துப்போகலாம், பட்டியலை எடுத்துப்போகக் கூடாது என்பது என்ன நியாயம்? சேவையை மூடுகிறவர் மூன்று மாத அவகாசம் தர வேண்டும். பட்டியலைப் படப் பெயர், பாடகர் பெயரோடு எழுத்தாகத் திருப்பித் தர வேண்டும். இந்த இரண்டையும் சட்டமாக்கக் கேட்பது நம் உரிமை.

எதிர்க் கட்சியையும் கேட்போம். "யூடியூபில் எல்லாம் இருக்கிறதே தாத்தா, எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்கிறார்கள் பேரப்பிள்ளைகள். இருக்கிறதுதான். ஆனால் யாரோ ஒருவர் ஏற்றியதை உரிமையாளர் ஆட்சேபித்தால் மறுநாள் இருக்காது. பெரிய சேவைகளிலும் இதே கதைதான். ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தபோது சரிகம கம்பெனியோடு தகராறு, வழக்கு டில்லி உயர் நீதிமன்றம் வரை போய், அந்தக் கம்பெனிப் பாட்டுகள் எடுக்கப்பட்டன. 2020-ல் ஒப்பந்தமான பிறகுதான் வந்தன. பழைய எச்.எம்.வி.யின் வாரிசு சரிகம என்பதை நினைவில் வைத்தால், அந்த இடைவெளியில் எத்தனை பழைய தமிழ்ப் பாட்டு கேட்காமல் போயிருக்கும் என்று புரியும். தவிர, தேடுவதே ஒரு வித்தை. ழகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்தை ஏற்றினானோ, அதே எழுத்தைப் போட்டால்தான் பாட்டு அகப்படும். அகப்பட்டாலும் முதலில் நிற்பது யாரோ புதிதாகப் பாடியது. பாடலாசிரியர் பெயர் பல இடங்களில் கிடையாது. இசைத்தட்டின் உறையில் இருந்த விவரம்கூட இதில் இல்லை.

என் இலாகாவிலிருந்து ஒரு உதாரணம். 37 வருஷம் சிக்னல் பிரிவில் இருந்தவனுக்கு அதுதானே தெரியும்! 2015 ஜூனில் இடார்சி ஜங்ஷனில் ரிலே கேபின் தீப்பற்றியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். நூற்றுக்கணக்கான ரயில்கள் ரத்தாயின. சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் இடார்சி வழியே ரயில் அடியோடு நின்றுவிடவில்லை. பாயிண்டுகளைக் கையால் திருப்பி, கிளாம்ப் போட்டுப் பூட்டி, டிரைவரிடம் காகிதத்தில் எழுதிக் கொடுத்து மெதுவாக நகர்த்தினார்கள். எத்தனை நவீனக் கருவி வந்தாலும் ரயில்வே அந்தக் காகித முறையைக் கைவிடாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. பாட்டு விஷயத்தில் நமக்கு அந்தக் காகிதம் இல்லை.

ஆகவே, 'பதிலாக எது?' என்பவர்களுக்கு என் யோசனைகள் இவை.

ஒன்று: பாட்டு நோட்டு. நூறு பக்க நோட்டில் பாட்டின் முதல் வரி, படம், வருஷம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், கடைசியாக வீட்டில் யாருக்கு ஏன் பிடிக்கும் என்று ஒரு வரி. எந்தக் கம்பெனி மூடினாலும் இந்த நோட்டை வைத்து மறுபடி கட்டலாம்.

இரண்டு: கையில் இருக்கும் பொருள் ஒன்று. 5,000 பாட்டு பதிந்து வரும் தமிழ் கார்வான் பெட்டிக்கு இணையமே வேண்டாம். பார்வை குறைந்தவர்களும் பொத்தானைத் தடவி இயக்கலாம். அதில் இருப்பது முக்கியமாக ஒரே கம்பெனியின் சரக்கு. எக்கோ கேஸட்டில் வந்த இளையராஜாவெல்லாம் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பரணில் கிடக்கும் கேஸட், சி.டி.களை எறியாதீர்கள். சொந்த உபயோகத்துக்குக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் வினியோகிப்பது வேறு. ஒலிப்பதிவுக்கு 60 வருஷ உரிமை உண்டு. பாட்டெழுதியவருக்கு அவர் காலத்துக்குப் பின் 60 வருஷம்.

மூன்று: வானொலி. ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் தமிழ் நிலையங்களை இங்கிருந்தே நேரலையில் இலவசமாகக் கேட்கலாம். சிற்றலைக் காலத்துக் கரகரப்பும் கிடையாது. அடுத்த பாட்டு எது என்று தெரியாமல் காத்திருக்கும் சுகமும் திரும்பக் கிடைக்கும்.

நான்கு: சந்தா கட்டுவதென்றால் கட்டுங்கள், அது நியாயமான செலவு. வருஷச் சந்தா வேண்டாம், மாதச் சந்தா போதும். பணம் கட்டுமுன் உங்கள் நோட்டிலிருந்து கடினமான பத்துப் பாட்டைத் தேடிப் பாருங்கள். ஏழாவது கிடைத்தால் சரி. ஐந்துக்குக் குறைந்தால் அடுத்த கடை.

ஐந்தாவது யோசனை நம் சங்கத்துக்கு. நூலகத்தில் ஓர் அலமாரியைப் பாட்டு நோட்டுகளுக்கு ஒதுக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு குடும்பம் தன் நோட்டிலிருந்து பத்துப் பாட்டைச் சொல்லி, அவை ஏன் என்றும் சொல்லட்டும். நம் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்க வராது, காது கேட்கும். எழுதும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். பாட்டி சொல்லச் சொல்ல, இந்தி எழுத்திலாவது அவர்கள் எழுதட்டும். பாட்டின் பெயரைத் தேடும்போது சித்தி கல்யாணமும் டூரிங் டாக்கீஸும் தானாக வந்து சேரும். எந்தச் செயலியும் இதைச் சேமிப்பதில்லை; எந்தக் கம்பெனி மூடினாலும் இது போகப்போவதுமில்லை.

எழுத வேண்டியவர்கள் நம் வீட்டில் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய விரும்பும் அன்பர்கள் வரும்போது ஒரு நோட்டும் கொண்டு வரவும். முதல் பக்கத்தில் ஒரு பாட்டாவது எழுதியிருக்க வேண்டும்.