ஒரு கையெழுத்து... ஒரு வாய்ப்பூட்டு!

அமெரிக்காவில் ஒரு கட்சி போய் இன்னொரு கட்சி ஆட்சிக்கு வந்தால், புது அதிபர் பதவியேற்ற சில நாள்களுக்குள் ஒரு காரியம் தவறாமல் நடக்கும். வெள்ளை மாளிகையில் ஒரு தாளில் கையெழுத்து விழும். பில் கிளின்டன் 1993 ஜனவரி 22-ல் ரத்து செய்தார். ஜார்ஜ் புஷ் 2001 ஜனவரி 22-ல் திரும்பக் கொண்டுவந்தார். ஒபாமா 2009-ல் ரத்து. டிரம்ப் 2017-ல் மறுபடியும் அமல். பைடன் 2021-ல் ரத்து. 2025 ஜனவரி 24-ல் டிரம்ப் மீண்டும் அமல். எல்லாமே ஜனவரி மாதம்தான். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல, ஆட்சி மாறினால் இதுதான் முதல் வேலை!

சாதாரண அமெரிக்கக் குடும்பத்துக்கு இந்தக் கையெழுத்தால் ஒரு டாலர் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அடி விழுவதெல்லாம் பல ஆயிரம் மைல் தள்ளி, நேபாளத்திலும் கென்யாவிலும் லெசோத்தோவிலும் கருத்தடை ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்கும் பெண்களுக்குத்தான்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தத் தாளில்?

1984-ல் மெக்ஸிகோ நகரில் மக்கள்தொகை குறித்த சர்வதேச மாநாடு நடந்தது. ரீகன் அரசு அங்கே ஒரு நிபந்தனையை அறிவித்தது. அமெரிக்காவிடம் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக நிதி வாங்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் எதுவும் கருக்கலைப்பு செய்யக் கூடாது. அதற்காக வாதாடவும் கூடாது. ஊரை வைத்து 'மெக்ஸிகோ சிட்டி கொள்கை' என்று பெயர் வந்தது. எதிர்ப்பவர்கள் வைத்த பெயருக்குத் தமிழில் ரெடியாகவே ஒரு வார்த்தை இருக்கிறது: வாய்ப்பூட்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மேடைப் பேச்சாளர்களுக்குப் போட்டார்களே, அதே பூட்டு!

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். 'அமெரிக்கர்களின் வரிப்பணத்தில் கருக்கலைப்பா?' என்று கேட்டால், பதில்: 1973-லிருந்தே கிடையாது. செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த சட்டத் திருத்தம், குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பு செய்ய அமெரிக்க உதவிப் பணத்தைத் தொடக் கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டது. எந்தக் கட்சி வந்தாலும் அது அப்படியே நிற்கிறது. மெக்ஸிகோ சிட்டி கொள்கை அதற்கும் ஒருபடி மேலே போய், 'உன் சொந்தப் பணத்திலும் செய்யாதே' என்கிறது. ஸ்வீடன் கொடுத்த காசோ, உள்ளூர்க்காரர்கள் கொடுத்த நன்கொடையோ, எதுவாக இருந்தாலும் சரி. உள்நாட்டுச் சட்டம் அனுமதித்தாலும் சரி. பாலியல் வன்கொடுமை, உறவுக்குள் நடந்த கொடுமை, தாயின் உயிருக்கு ஆபத்து ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆதரிப்பவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. கருவும் ஓர் உயிர் என்று மனதார நம்பும் கோடிக்கணக்கான அமெரிக்கர்களும் அங்கே வரி கட்டுகிறார்கள். 'இடது பாக்கெட்டில் என் காசு, வலது பாக்கெட்டில் உன் காசு என்று பிரிக்க முடியுமா? நான் மாத்திரைக்குக் கொடுத்தால், மிச்சமாகும் உன் காசு கருக்கலைப்புக்குத்தானே போகும்?' என்பது அவர்கள் கேள்வி. 2017-ல் கொள்கை திரும்ப வந்தபோது, 733 ஒப்பந்தங்களில் 729-ல் நிபந்தனையை ஏற்றுக்கொண்டார்கள் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை கணக்குக் காட்டியது. 'பாருங்கள், யாருக்கும் பிரச்னையில்லை' என்பது அதன் பொருள். ஆனால், மறுத்த சிலரில் உலகிலேயே மிகப் பெரிய குடும்பக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இருந்தன. அதில் ஒன்று ஐ.பி.பி.எஃப். அது 1952-ல் பிறந்த ஊர் நம் பம்பாய் என்பது பலருக்குத் தெரியாது.

ஐ.பி.பி.எஃப்-பின் நேபாளக் கிளைதான் நேபாளக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம். 2001-ல் அதற்கு வந்த சோதனையைப் பார்த்தால் இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்.

அப்போது நேபாளத்தில் கருக்கலைப்பு கொலைக்குச் சமம். கருவைக் கலைத்த பெண்கள் ஜெயிலில் இருந்தார்கள். வயிற்றுப்பிள்ளை தானாகக் கலைந்துபோனவர்கள்கூட மாட்டிக்கொண்டது உண்டு. ஜெயிலுக்குப் பயந்து ரகசியமாகக் குச்சியையும் மூலிகையையும் நம்பியவர்கள் ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் வந்து சேரவே இல்லை. 1996-ல் அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு 539 தாய்மார்கள் இறந்தார்கள் என்கிறது அந்நாட்டுக் கணக்கெடுப்பு. சட்டத்தை மாற்ற வேண்டும் என்று நேபாள அரசுக்குள்ளேயே பேச்சு எழுந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கமும் அதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. கவனியுங்கள், சங்கம் கருக்கலைப்பு எதையும் செய்யவில்லை. சட்டம்தான் தடுக்கிறதே! பேசியது மட்டும்தான்.

அந்த நேரத்தில் வாஷிங்டனில் கையெழுத்து விழுந்தது. பேச்சை நிறுத்தினால் அமெரிக்கப் பணமும் கருத்தடைச் சாதனங்களும் தொடரும். பேசினால் இரண்டும் நின்றுபோகும். சங்கத்தின் தலைமை இயக்குநர் நிர்மல் பிஸ்டா, 2001 ஜூலையில் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்து தன் சங்கடத்தைச் சொன்னார். பணத்தை வாங்கினால், தன் சொந்த நாட்டில், தன் சொந்த அரசிடம், தன் கண்ணால் பார்த்த சாவைப் பற்றிப் பேச முடியாது. வாங்காவிட்டால், கருத்தடை கேட்டு வரும் ஏழைப் பெண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெண்ணுக்குத்தான் நஷ்டம்.

சங்கம் கையெழுத்துப் போடவில்லை. பணம் போனது. 2002-ல் நேபாளம் சட்டத்தை மாற்றியது. 2004-ல் அனுமதிபெற்ற மருத்துவமனைகளில் சேவை தொடங்கியது. 2006 கணக்கெடுப்பில் தாய்மார்கள் சாவு 281 ஆகியிருந்தது. எல்லாம் இந்தச் சட்டத்தால்தான் என்று சொல்லிவிட முடியாது. பயிற்சிபெற்ற பிரசவ உதவியாளர்கள் அதிகமானார்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. சட்டமும் சேர்ந்து இழுத்த தேர் அது.

லெசோத்தோ கதை இன்னும் கசப்பு. தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் இருக்கும் அந்தக் குட்டி நாட்டில் அப்போது நான்கு பெண்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிளின்டன் காலத்தில் இரண்டு ஆண்டுகளில் சுமார் 4,26,000 ஆணுறைகளை அமெரிக்கா அங்கே அனுப்பியது. வாங்கி விநியோகித்தது உள்ளூர் ஐ.பி.பி.எஃப் கிளை. 2001-க்குப் பிறகு அந்த வரத்து நின்றது. ஆணுறைக்கும் கருக்கலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. கொடுக்கிற கை ஒன்றே என்பதைத் தவிர.

சரி, கொள்கையின் நோக்கமாவது நிறைவேறியதா? கருக்கலைப்பு குறைந்ததா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சஹாராவுக்குத் தெற்கே 26 ஆப்பிரிக்க நாடுகளில் 1995 முதல் 2014 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் முடிவு வந்தது. அமெரிக்க உதவியை அதிகம் நம்பியிருந்த நாடுகளில், புஷ் காலத்தில் கருக்கலைப்பு மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் சுமார் 40 சதவிகிதம் கூடியிருந்தது. கருத்தடைப் பயன்பாடு 14 சதவிகிதம் குறைந்தது. ஒபாமா வந்து ரத்து செய்ததும் இரண்டும் திசை திரும்பின.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கிராமத்து கிளினிக் ஒன்றுதான். மாத்திரை கொடுப்பதும், காப்பர்-டி வைப்பதும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அதே நர்ஸ்தான். பணம் நின்றால் அவர் வீட்டுக்குப் போகிறார். மாத்திரை கிடைக்காத பெண் ஐந்தாவதாகக் கர்ப்பமாகிறாள். பிறகு, எது கிடைக்கிறதோ அதைத் தேடிப் போகிறாள்.

முன்பெல்லாம் இந்த நிபந்தனை ஆண்டுக்குச் சுமார் 60 கோடி டாலர் குடும்பக் கட்டுப்பாட்டு நிதிக்கு மட்டும்தான். 2017-ல் டிரம்ப் அதை எச்.ஐ.வி, மலேரியா, ஊட்டச்சத்து உள்ளிட்ட சுகாதார உதவி முழுவதற்கும் விரித்தார். சுமார் 880 கோடி டாலர்! 2025-லோ உதவியே சுருங்கிவிட்டது. அறுபது வருடங்களுக்கும் மேலாக இருந்த யு.எஸ்.எய்ட் அமைப்பு ஜூலை 1-ம் தேதியோடு வெளியுறவுத் துறையில் கரைந்தது.

அந்தக் குழப்பத்தில் பெல்ஜியத்தில் ஒரு கிடங்கில் சரக்கு மாட்டிக்கொண்டது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய மாத்திரைகள், ஊசிகள், கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சிகள், காப்பர்-டிக்கள். மதிப்பு 97 லட்சம் டாலர். எரித்துவிடப் போவதாக ஜூலையில் அமெரிக்க அரசு உறுதிசெய்தது. எரிக்க ஆகும் செலவு மட்டும் 1,67,000 டாலர். 'எங்களிடம் கொடுங்கள், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லாமல் எடுத்துப்போகிறோம்' என்று ஐ.பி.பி.எஃப் போன்ற அமைப்புகள் கேட்டன, பலிக்கவில்லை. கருவைக் கலைக்கும் பொருள்கள் என்று அமெரிக்கத் தரப்பில் காரணம் சொன்னார்கள். அப்படிப்பட்டதை அமெரிக்க அரசு வாங்கவே முடியாது, 1973 சட்டம் விடாது. செப்டம்பரில் 'அழித்தாகிவிட்டது' என்று வாஷிங்டனிலிருந்து செய்தி வந்தது. பெல்ஜிய அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தால், பெட்டிகள் கிடங்கிலேயே இருந்தன!

அவற்றில் பெரும்பகுதி தான்சானியா, கென்யா, காங்கோ, ஜாம்பியா, மாலி நாடுகளுக்குப் போக வேண்டியவை. காலாவதியாக 2027-லிருந்து 2031 வரை அவகாசம் இருந்தது.