மின்னஞ்சல் வடிகட்டியின் சாவி யார் கையில்?

2006-ல் இங்கிலாந்தின் ராச்டேல் என்ற ஊரில் நடந்த கூத்து இது. ஒருவருடைய பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை நீட்டிக் கட்ட நகராட்சியிடம் அனுமதி கேட்டிருக்கிறார். இவருக்கு அதில் ஆட்சேபம். முறைப்படி மின்னஞ்சல் அனுப்பினார். போய்ச் சேரவில்லை. இன்னொன்று அனுப்பினார். அதுவும் சேரவில்லை. மூன்றாவது எப்படியோ உள்ளே நுழைந்தபோது, அனுமதி ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்ததாம். காரணம் என்ன தெரியுமா? கட்டடம் எழுப்புவதற்கு ஆங்கிலத்தில் 'எரெக்‌ஷன்' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. நகராட்சி வடிகட்டிக்கு அந்த இன்னொரு அர்த்தம் மட்டும்தான் தெரிந்திருந்தது :-)

படிக்கும்போது சிரிப்பு வரும். அந்த மனிதருக்கு வந்திருக்காது. ஆட்சேபம் தெரிவிப்பது ஒரு குடிமகனின் உரிமை. அந்த உரிமையை எந்த அதிகாரியும் மறுக்கவில்லை, எந்தக் கோப்பிலும் "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதவில்லை. சர்வரில் இருந்த ஒரு சொல் பட்டியல் அதைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான். கட்டட அனுமதி கொடுக்கும் பிரிவில் தினமும் புழங்கும் சொல்லை ஆபாசப் பட்டியலில் சேர்க்கும் முன், அந்தப் பிரிவில் ஒரு குமாஸ்தாவிடம் கேட்டிருந்தால் போதும். அவர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

ஏதோ ஒரு சின்ன ஊர் நகராட்சி, அதனால்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு மூன்று வருடம் முன்னால், 2003 பிப்ரவரியில், பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே இதே கதை நடந்தது. புதிதாகப் போட்ட வடிகட்டி, பாலியல் குற்றங்கள் மசோதா பற்றி எம்.பி.க்களுக்கு வந்த மின்னஞ்சல்களைத் தடுத்தது. சட்டம் இயற்றுகிறவர்கள், தாங்கள் இயற்றப்போகும் சட்டத்தின் பெயரைக் கடிதத்தில் எழுத முடியாத நிலை! வெல்ஷ் மொழியில் எழுதப்பட்ட மின்னஞ்சல்களும் மாட்டிக்கொண்டன. அது என்ன மொழி என்றே வடிகட்டிக்கு அடையாளம் தெரியவில்லை. ஆங்கிலம் அல்லாத எந்த மொழியில் கடிதம் எழுதுகிறவரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

எரிதங்களைத் தடுக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 2000-ஆம் வருடம் மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு வந்த மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்து உலகம் முழுக்க அலுவலகங்கள் படாத பாடு பட்டன. அந்த மாதிரி, திறந்தவுடன் ஓடக்கூடிய இணைப்புகளை வாசலிலேயே நிறுத்துவதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. தகராறு எல்லாம் கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கும்போதுதான் தொடங்குகிறது.

இதை அந்தத் துறைக்காரர்களே எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். 2002-ல் பால் கிரகாம் புள்ளியியல் முறையில் எரிதம் பிடிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கடிதத்தைத் தொலைப்பது, குப்பை ஒன்று உள்ளே வருவதைவிடப் பல மடங்கு மோசம் என்பது அவர் கட்சி. அதனால் நல்ல கடிதங்களில் ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கையை வேண்டுமென்றே இரண்டால் பெருக்கிக் கணக்கிட்டார். சந்தேகத்தின் பலன் கடிதத்துக்கு! ஸ்பாம் அசாசின் மென்பொருளும் ஒரே சொல்லைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதில்லை. பல அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால்தான் எரிதம் என்று முத்திரை குத்தும். அந்த 5-ஐ ஓர் அட்மின் 3 என்று மாற்றலாம். மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. மாற்றியது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இங்கேதான் காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு பழைய பாடம் ஞாபகத்துக்கு வர வேண்டும். ரொக்கம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக் கூடாது, வவுச்சர் தயாரிக்கிறவரே அதைப் பாஸ் செய்யக் கூடாது என்று அக உள்கட்டுப்பாடு பற்றி முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் சில்லறைச் செலவுக்கு இரண்டு கையெழுத்துக் கேட்கும் நிறுவனம், தனக்கு வரும் கடிதங்களில் எது வரலாம் எது வரக்கூடாது என்பதை ஒரே ஆளின் மவுஸ் க்ளிக்கில் விட்டுவிடுகிறது. அந்த அட்மின் நல்லவராகவே இருக்கட்டும். காசாளர்களிலும் பெரும்பாலோர் நல்லவர்கள்தான், அதற்காக யாரும் தணிக்கையை நிறுத்திவிடுவதில்லையே.

தடுப்பதிலும் வகை உண்டு. சர்வர் கடிதத்தை வாங்காமலேயே 550 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பினால், அனுப்பியவருக்கு விஷயம் தெரிந்துவிடும். போன் செய்வார், நேரில் வருவார். தனியே ஒதுக்கி வைத்தால், பெறுபவர் பிறகு எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அப்படி ஓர் ஒதுக்கிடம் இருப்பதே ஊழியர்களில் பலருக்குத் தெரியாது. தினமும் ஒரு பட்டியல் அவரவருக்குப் போனால்தான் அதற்குப் பயன். மூன்றாவது வகை, சத்தமில்லாமல் அழிப்பது. தபால்காரர் கடிதத்தை வாங்கி, கிழித்து, சாக்கடையில் போட்டுவிட்டு "பட்டுவாடா ஆயிற்று" என்று எழுதிக்கொள்வது போல. வைரஸ் என்று உறுதியானதைத் தவிர வேறு எதற்கும் எந்த நிறுவனமும் இதை அனுமதிக்கக் கூடாது.

இறுக்கிப் பிடித்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2013-க்கும் 2015-க்கும் இடையில், கூகுள், ஃபேஸ்புக் இரண்டையும் லித்துவேனியாக்காரர் ஒருவர் ஏமாற்றி, 10 கோடி டாலருக்கு மேல் தன் கணக்குகளுக்கு அனுப்ப வைத்தார். அவர்களுக்கு உண்மையிலேயே சரக்கு கொடுக்கும் ஆசிய நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, போலி இன்வாய்ஸ் அனுப்பினார். 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 வருடம் சிறை விதித்தது. ஓர் இன்வாய்ஸில் எந்தச் சொல்லைத் தடை செய்வது? அங்கே தேவைப்பட்டது, வங்கிக் கணக்கு மாறினால் பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கம்.

ஆக, அட்மின் கையில் இருக்கும் சாவிக்கு ஒரு துணை வேண்டும். பெரிய கமிட்டி எல்லாம் வேண்டியதில்லை, கமிட்டி போட்டால் டீ செலவுதான் ஏறும். ஒரு பதிவேடு போதும். எந்த விதி, யார் கேட்டார்கள், எதற்காக, எந்தத் தேதியில் போடப்பட்டது, வேறு யார் பார்த்து ஒப்புக்கொண்டார் என்று நாலு வரி. "எம்.டி. சொன்னார், அதனால் இந்த டொமைனைச் சோதிக்காமல் விடு" என்ற வகை விதிவிலக்குகளும் அதில் ஏற வேண்டும், போலிக் கடிதங்கள் வசதியாக நுழைவது அந்த வழியில்தான். மாதம் ஒருமுறை, கணினிப் பிரிவைச் சேராத ஒருவர் ஒதுக்கி வைத்த கடிதங்களில் ஐம்பதை எடுத்துப் படித்துப் பார்க்கலாம். புகார்களைக் கையாளும் பிரிவில் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது, எந்தக் கடிதம் வராமல் போனது என்று அவருக்குத்தான் சட்டென்று தெரியும்.