பிறவிக் கண் பிளவு: கண்டறிந்த பின்னரும் தொடர வேண்டிய கண்காணிப்பு

கருவின் ஐந்தாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையிலான காலத்தில், கிண்ணம் போல உருவாகும் கண்ணின் அடிப்பகுதியில் ஒரு பிளவு காணப்படும். இயல்பான வளர்ச்சியில் அது தானாகவே மூடிக்கொள்ளும். முழுமையாக மூடாதபோது ஏற்படும் குறைபாடே ‘கொலொபோமா’ எனப்படும் பிறவிக் கண் பிளவு ஆகும். ஏறத்தாழ 10,000 பிறப்புகளில் ஒன்று என்ற அளவில் காணப்படும் அரிய குறைபாடு இது.

பிளவு ஐரிஸ் எனும் நிறப்படலத்தில் மட்டும் இருந்தால், கண்மணி வட்டமாக இல்லாமல் கீழ்நோக்கி நீண்டு, சாவித் துளை போலத் தோன்றும். பார்வை பெரிதும் குறையாமலும் இருக்கலாம். விழித்திரை அல்லது பார்வை நரம்பு வரை பிளவு நீண்டிருந்தால் பார்வை பாதிக்கப்படும். வெளித்தோற்றத்தை மட்டும் கொண்டு உட்புறப் பாதிப்பைக் கணிக்க இயலாது.

இப்பிளவை மூடும் சிகிச்சை இல்லை. எனினும், ‘இதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று குடும்பத்தினர் முடிவு செய்வது தவறாகும். பிளவினால் நேரடியாக ஏற்படும் இழப்புடன், ‘சோம்பேறிக் கண்’, விழித்திரை விலகல் ஆகியவற்றால் பின்னாளில் சேரும் இழப்பும் உண்டு. இவ்விரண்டாம் வகை இழப்பைப் பெருமளவு தடுக்கவோ குறைக்கவோ முடியும்.

பரிசோதனையில் உள்ள இடைவெளி

2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத்திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையிலானோருக்கு 30 வகைக் குறைபாடுகளைக் கண்டறிய வழிவகுத்தது. பிறவிக் குறைபாடுகளின் வரிசையில் பிறவிக் கண்புரை இடம்பெற்றுள்ளது. கண் பிளவு தனிப் பெயராக இடம்பெறவில்லை. ஆயினும், கண்புரையைக் கண்டறியும் அதே ஒளிப் பரிசோதனை, பெரிய அளவிலான விழித்திரைப் பிளவையும் காட்டிக்கொடுக்கும். ஒளி பாய்ச்சும்போது இயல்பான கண்மணி செந்நிறமாக ஒளிரும்; பிளவுள்ள கண்ணில் வெண்மை தெரியலாம். விழித்திரைப் புற்றுநோயும் இத்தகைய வெண்மையைத் தோற்றுவிக்கும் என்பதால், ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்கின்றன. கண்டறியப்படும் குழந்தைகள் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரைக்கப்படுகின்றனர்.

திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தில் கண்டறிதலைக் காட்டிலும் கடினமானது தொடர் சிகிச்சையே. ஜவ்வாதுமலைச் சிற்றூரிலிருந்து வரும் பெற்றோருக்கு மாவட்டத் தலைநகருக்கு வருவதே ஒரு நாள் கூலியை இழப்பதாகும். உயர்சிகிச்சைக்குச் சென்னை எழும்பூரில் 1819 முதல் இயங்கிவரும் அரசு கண் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால், திருவண்ணாமலையிலிருந்து மேலும் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். எனவே, கண்ணாடி, பார்வை அளவீடு போன்ற வழக்கமான பரிசோதனைகளைத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே செய்து, விழித்திரைச் சிகிச்சைக்கு மட்டும் சென்னைக்கு அனுப்புவது குடும்பத்தின் சுமையைக் குறைக்கும்.

சிகிச்சையும் கண்காணிப்பும்

• கண்மணியை விரிவாக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையை முழுமையாகப் பரிசோதித்தல். உட்புறம் தெரியாவிடில் அல்ட்ராசவுண்ட் எடுத்தல்.

• தேவையான கண்ணாடி அணிவித்தல். ஒரு கண் மட்டும் பின்தங்கினால், மருத்துவர் கூறும் நேர அளவில் நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சி அளித்தல்.

• இதயம், செவித்திறன், சிறுநீரகம் ஆகியவற்றையும் பரிசோதித்தல். கண் பிளவு சில சமயம் பல உறுப்புகளைப் பாதிக்கும் மரபணு நோயின் ஓர் அறிகுறியாக இருக்கக்கூடும்.

• குழந்தை நன்றாகப் பார்ப்பதாகத் தோன்றினாலும், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் விழித்திரையைப் பரிசோதித்தல். விலகல் பல ஆண்டுகள் கழித்தும் நேரலாம். சிறு குழந்தைகளுக்கு அதனைச் சொல்லத் தெரியாது.

ஒளிக்கீற்றுகள், மிதக்கும் கரும்புள்ளிகள், திரை விழுந்தது போன்ற நிழல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். பிளவின் விளிம்பில் முன்கூட்டியே லேசர் சிகிச்சை அளிப்பதா என்பதை விழித்திரை மருத்துவர் முடிவு செய்வார்.

தாய் மீது பழி வேண்டாம்

கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே சென்றதால் இக்குறைபாடு வருவதில்லை. பலருக்குக் காரணம் தெரிவதில்லை. சிலருக்கு மரபணு மாற்றம் காரணமாகிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. அத்தகைய திருமணங்களில் சில மரபுவழிக் குறைபாடுகளுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆதலால், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் கணவன், மனைவி இருவரும் மரபியல் ஆலோசனை பெறுவது நன்று.

பார்வைக் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் எனச் சான்றளிக்கப்பட்டால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் கல்வி உள்ளிட்ட உரிமைகளைப் பெறலாம். பரிசோதனை அறிக்கைகளை ஒரே கோப்பில் பாதுகாத்து, ஒவ்வொரு வருகையிலும் உடன் கொண்டுவருமாறு பெற்றோர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.