தோட்டத்துக் கரை உடைந்தால் யார் பொறுப்பு?

சேலம், நாமக்கல் பக்கம் உங்க வீட்டுத் தோட்டத்தில் மண் கரை போட்டுத் தண்ணீர் தேக்கியிருக்கீங்களா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கரை மேல் ஒரு நடை நடந்து பாருங்க. அதைப் பார்க்க வேறு யாரும் வரமாட்டாங்க.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் தனியார் அணைகளுக்கும் பொருந்தும். ஆனால் 15 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். 10 முதல் 15 மீட்டர் என்றால் கூடுதல் நிபந்தனைகள். நம்ம குட்டைகள் இந்தக் கணக்கிலேயே வராது.

சின்னதுதானே என்று விடவும் முடியாது. கென்யாவின் சோலாயில் 2018 மே 9 இரவு உடைந்த படேல் அணை, ஒரு தனியார் பண்ணையின் மண் அணைதான். 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மண் கரைக்கு முதல் எதிரி, அடைபட்ட கலிங்கு. மீன் ஓடிடும்னு அங்கே வலை கட்டுவாங்க. சருகு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கரை மேலேயே வழிந்து மண்ணை அறுத்துவிடும். மீனா, கரையா?

அடுத்தது கசிவு. வெளிச் சரிவின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் தினமும் கவனியுங்க. கலங்கலாக வந்தால், உள்ளே மண் அரிக்கிறது. உடனே நீர்மட்டத்தைக் குறைக்கணும், கீழே குடியிருப்பவர்களை நகர்த்தணும். களிமண்ணால் அடைக்காதீங்க, நீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். மணலும் அதன் மேல் ஜல்லியும் போட்டால் நீர் வெளியேறும், மண் நிற்கும்.

கரையில் முளைக்கும் சீமைக் கருவேலத்தைக் கன்றிலேயே பிடுங்கணும். வளர்ந்தபின் வெட்டினால், மட்கிய வேரே தண்ணீருக்கு வழி.

கீழே வீடுகள் உள்ள கரைகளையாவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு பொறியாளர் பார்க்க மாவட்ட நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.