லேபிள் அவர்களுடையது, நஷ்டம் யாருடையது?

நாம் வாங்கும் சட்டையின் கழுத்துப் பட்டியில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அதைத் தைத்தது அந்தக் கம்பெனி அல்ல. எங்கோ ஒரு தொழிற்சாலை தைத்துக் கொடுக்கிறது, இவர்கள் தங்கள் பெயரில் விற்கிறார்கள். இந்த இருவரையும் கட்டிப் போடுவதுதான் ஒப்பந்த உற்பத்தி உடன்படிக்கை.

அதில் விலை, தரம், அனுப்ப வேண்டிய தேதி, பெயரைப் பயன்படுத்தும் உரிமை என்று பல விதிகள் இருக்கும். எல்லோரும் விலைக்குத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் படிக்க வேண்டியது ஆர்டர் ரத்தானால் என்ன என்ற விதியைத்தான்.

2020 மார்ச்சில் வங்கதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். கொரோனாவால் மேலை நாடுகளில் கடைகள் மூடப்பட்டதும் பிராண்டுகள் ஆர்டர்களை ரத்து செய்தன, அல்லது நிறுத்தி வைத்தன. மொத்தம் சுமார் 300 கோடி டாலர் என்று அந்நாட்டு ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் அப்போது தொழிற்சாலைகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ரத்து செய்தவர்களில் 72 சதவீதம் பேர், தொழிற்சாலை ஏற்கெனவே வாங்கிவிட்ட துணிக்குப் பணம் தர மறுத்தார்கள். வெட்டித் தைத்த செலவைத் தர மறுத்தவர்களோ 91 சதவீதம். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள் அல்லது வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இது எப்படி முடிகிறது? துணியும் நூலும் பட்டனும் தொழிற்சாலையின் கடனில் வாங்கப்படுகின்றன. பிராண்டு பணம் தருவது, சரக்கு கப்பல் ஏறிப் பல வாரங்கள் கழித்து. அதுவரை முழுச் சுமையும் தைப்பவர் தலையில்தான். சரி, தைத்ததை வேறு யாருக்காவது விற்கலாமே என்றால் அதுவும் முடியாது. சட்டையில் பிராண்டின் பெயர் இருக்கிறது, அனுமதி இல்லாமல் விற்றால் வழக்கு வரும். வாங்கவும் மாட்டேன், விற்கவும் விடமாட்டேன் என்பது என்ன நியாயம்?

கடையே மூடிக் கிடக்கும்போது பிராண்டு மட்டும் என்ன செய்யும் என்று சிலர் கேட்கலாம். யாருடைய கையிலும் இல்லாத பேரிடர் வந்தால் கடமை நீங்கும் என்ற விதியைத்தான் பலர் அன்று காட்டினார்கள். ஆனால் தைத்து முடித்த சரக்கையும் தைத்துக்கொண்டிருந்த சரக்கையும் எடுத்துக்கொண்டு பணம் தருவதாக எச் அண்ட் எம் நிறுவனம் அந்த மார்ச் மாத இறுதியிலேயே அறிவித்தது. ஆக, மனம் இருந்தால் வழி இருந்தது. ஆனால் தொழிலாளியின் சம்பளம் ஒரு கம்பெனியின் நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது. அது காகிதத்தில் இருக்க வேண்டும்.

மூன்றே வரிகள் போதும். ஆர்டர் ரத்தானால் அதற்காக வாங்கிய மூலப்பொருளுக்கும் அதுவரை செய்த வேலைக்கும் பிராண்டு பணம் தர வேண்டும். ஆர்டர் தரும்போதே ஒரு பங்கு முன்பணம் தர வேண்டும். எடுக்காத சரக்கை லேபிளை நீக்கி விற்கத் தொழிற்சாலைக்கு உரிமை வேண்டும். இந்த மூன்றும் இல்லாத உடன்படிக்கையில் விலை நாலு காசு கூடக் கிடைத்தாலும் அது லாபம் அல்ல.