ஓட்டுநர் உரிமச் சீர்திருத்தமும் ஆக்லாந்துத் தமிழ்க் குடும்பங்களும்

2025 ஏப்ரல் மாதத்தில் நியூசிலாந்துப் போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் பிஷப், மகிழுந்து ஓட்டுநர் உரிமம் வழங்கும் முறையில் பெரும் மாற்றங்களை முன்வைத்து மக்களின் கருத்தைக் கோரினார். அவற்றுள் முதன்மையானது, முழு உரிமம் பெறுமுன் நடத்தப்படும் இரண்டாவது செய்முறைத் தேர்வை நீக்குவதாகும். புலம்பெயர்ந்த தமிழ் இல்லங்களில், சிறப்பாகப் பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள இல்லங்களில், இச்செய்தி மகிழ்ச்சியோடு வரவேற்கப்பட்டது. ஒரு தேர்வு குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்? எனினும் அந்தத் தேர்வு இதுநாள்வரை சுமந்து வந்த பொறுப்பு இனி யார் தோளில் இறங்கப் போகிறது என்பதைப் பெற்றோரும் இளையோரும் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

ஈழத்தவர் 'சாரதி அனுமதிப்பத்திரம்' என்றும், தமிழகத்தார் 'லைசென்ஸ்' என்றும் குறிப்பிடும் இச்சிறு அட்டை ஆக்லாந்தில் வெறும் அடையாள அட்டையன்று. பரந்து கிடக்கும் இந்நகரில் பாப்பாடோயிடோயிலிருந்து வட கரைக்கு அதிகாலை வேலைக்குச் செல்பவரும், சாண்ட்ரிங்காமிலிருந்து பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாயும் மகிழுந்து இன்றி இயங்குவது கடினம். உரிமம் இல்லாத இளைஞனுக்குப் பகுதி நேர வேலை கிடைப்பதும் அரிது. ஆகவே உரிமத்தைப் பற்றிய எந்தச் சட்ட மாற்றமும் குடும்பத்தின் வருமானத்தையும் அன்றாட வாழ்வையும் தொடுகின்ற மாற்றமே.

இன்றைய முறையின் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்து கொள்வது நலம். படிநிலை உரிம முறையை முழு வடிவில் உலகிலேயே முதலாவதாக நடைமுறைப்படுத்திய நாடு நியூசிலாந்து, ஆண்டு 1987. கற்போர் உரிமம், வரையறுக்கப்பட்ட உரிமம், முழு உரிமம் என்னும் மூன்று படிகள் அன்று வகுக்கப்பட்டன. 2011 ஆகஸ்டில் உரிமம் பெறும் குறைந்தபட்ச வயது 15இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. அதே மாதத்தில் 20 வயதுக்குக் குறைந்தோர்க்கு மதுவின் அளவு பூச்சியம் என்றும் சட்டம் வந்தது. 2012 பிப்ரவரியில் வரையறுக்கப்பட்ட உரிமத்திற்கான செய்முறைத் தேர்வு கடினமாக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் இத்தேர்வில் தோல்வியுறாத வீடு அரிது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருபது ஆண்டுகள் ஓட்டிய தந்தையர் பலரும் இங்கு முதல் முயற்சியில் தவறியவர்களே. தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்காததும், நிறுத்தற் கோட்டில் முற்றாக நிற்காமல் மெல்ல உருண்டு செல்வதும் அவர்களை வீழ்த்திய வழக்கமான காரணங்கள்.

அரசின் வாதத்தில் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 2025இல் கற்போர் உரிமத்துக்கு 96.10 டாலர், வரையறுக்கப்பட்ட உரிமத்துக்கு 167.50 டாலர், முழு உரிமத்துக்கு 98.90 டாலர் என மொத்தம் 362.50 டாலர் கட்டணம் செலவாகும் நிலை இருந்தது. பயிற்சிப் பள்ளிக்குக் கொடுக்கும் தொகை இதனுள் அடங்காது. 2023 அக்டோபரில் மறுதேர்வுக் கட்டணம் நீக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் ஆயத்தமின்றி 'ஒருமுறை எழுதிப் பார்ப்போம்' என்று வந்தவர்கள் பெருகினர். தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் நீண்டது. உண்மையாகப் பயிற்சி பெற்றவரும் அவ்வரிசையில் நிற்க நேர்ந்தது. இரு செய்முறைத் தேர்வுகள் நடத்தும் நாடுகள் உலகில் மிகச் சிலவே என்றும், ஒன்றே போதும் என்றும் அரசு கூறுகிறது. அத்துடன் கற்போரும் வரையறுக்கப்பட்ட உரிமத்தாரும் எந்த வயதினராயினும் மது அருந்தி ஓட்டலாகாது என்பதும், குற்றமற்ற ஓட்டுநர் பதிவு இருந்தால்தான் அடுத்த படிக்கு உயரலாம் என்பதும் முன்மொழிவில் இடம்பெற்றன. இவற்றை வரவேற்கத்தான் வேண்டும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், அந்த 'குற்றமற்ற பதிவு' என்னும் சொல்லில்தான்.

குற்றமற்ற பதிவு என்பது நன்றாக ஓட்டியதற்குச் சான்றன்று, பிடிபடாததற்கே சான்று. அதைவிட முக்கியமாக, ஓட்டவே ஓட்டாதவருக்கும் குற்றமற்ற பதிவு உண்டு. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். பதினேழாம் வயதில் வரையறுக்கப்பட்ட உரிமம் பெறுகிறாள். நகர மையத்தில் வாகனம் நிறுத்தக் கொடுக்கும் கட்டணத்திற்கு அஞ்சி நாள்தோறும் தொடர்வண்டியில் செல்கிறாள். வார இறுதியில் கடைக்கும் கோவிலுக்கும் மட்டும் ஓட்டுகிறாள். காலம் கடந்ததும் முழு உரிமம் கைக்கு வந்துவிடும். அடுத்த கோடை விடுமுறையில் தோழியர் நால்வருடன் கோரமாண்டல் தீபகற்பத்தின் வளைவுச் சாலைகளிலும், சரளைக் கற்கள் பரவிய பாதைகளிலும், ஒருவழிப் பாலங்களிலும், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட நெடுஞ்சாலையிலும் அவள் ஓட்டுவாள். முழு உரிமத் தேர்வு அளவிட்டது இத்தகைய திறனைத்தான். கூடுதல் வேகமுள்ள சாலையில் ஓட்டச் சொல்லி, எதிரே உள்ள அபாயங்களைக் கண்டறியும் ஆற்றலை அது சோதித்தது. அரை மணி நேரச் சோதனைதான். ஆயினும் அந்த அரை மணி நேரத்திற்காகப் பிள்ளைகள் பல வாரங்கள் பயிற்சி எடுத்தனர் என்பதே அதன் பயன்.

மென்பொருள் துறையில் பணிபுரியும் பெற்றோர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. இறுதிச் சோதனையை நீக்கிவிட்டு, 'ஆறு மாதமாகப் புகார் வரவில்லை, ஆகவே நிரல் சரியாக உள்ளது' என்று எவரும் கையொப்பம் இடுவதில்லை. அந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்தினர் என்பதுதான் முதற் கேள்வியாக இருக்கும்.

அண்டை நாட்டைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்சும் விக்டோரியாவும் இரண்டாவது சாலைத் தேர்வு நடத்துவதில்லை. ஆனால் அங்குக் கற்கும் இளையோர் மேற்பார்வையுடன் 120 மணி நேரம் ஓட்டி, அதைப் பதிவேட்டில் குறித்துக் காட்டிய பின்னரே முதல் தேர்வுக்கே வர இயலும். குயின்ஸ்லாந்தில் அது 100 மணி நேரம். அபாயங்களை உணரும் திறனுக்குக் கணினிவழித் தேர்வும் உண்டு. பிரித்தானியாவில் இது 2002 முதல் நடைமுறையில் உள்ளது. அதாவது அவர்கள் தேர்வைக் குறைத்தாலும் பயிற்சியைக் குறைக்கவில்லை. நாட்காட்டியில் கழியும் மாதங்களை எண்ணுவதற்கும் சக்கரத்தின் பின்னால் கழியும் மணி நேரங்களை எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டை வெலிங்டன் உணர வேண்டும். ஓட்டிய மணி நேரம் கட்டாயமாகக் கணக்கிடப்படுமாயின் இரண்டாம் தேர்வு நீங்குவதில் ஆட்சேபனைக்கு இடமில்லை. அது இல்லாவிடின் இச்சீர்திருத்தம் அரைகுறையானதே.

மணி நேரங்களைக் கட்டாயமாக்கினால் வசதி குறைந்த குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று எழும் எதிர்வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. கற்போர் அருகில் அமரும் மேற்பார்வையாளர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முழு உரிமம் வைத்திருக்க வேண்டும். புதிதாகக் குடியேறிய இல்லங்களில் அத்தகையவர் ஒருவர்கூட இல்லாதிருப்பது இயல்பு. தந்தை இரவுப் பணியில், தாய் இன்னும் கற்போர் உரிமத்தில் என்றால் பிள்ளை யாருடன் ஓட்டுவது? ஊர்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் கலை இரவுக்கும் திரட்டும் தொண்டர்களில் பத்துப் பேர், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இவ்விருக்கையில் அமர முன்வந்தால் பல இல்லங்களின் இடர் தீரும். இதற்கு அரசின் ஆணை எதுவும் வேண்டியதில்லை.

மேற்பார்வை இருக்கையில் அமரும் பெற்றோர் தம் பழக்கங்களையும் சற்று ஆராய வேண்டும். தாயகத்தில் 'எட்டு' போட்டு உரிமம் வாங்கிய தலைமுறை அது. ஒலிப்பானை நம்பி ஓட்டிய அனுபவம் இங்குப் பயன்படாது. தமிழ்நாட்டில் மட்டும் 2023ஆம் ஆண்டில் 18,000க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர் என்பதை நினைவில் இருத்தினால், 'நாங்கள் ஓட்டாத சாலையா' என்னும் பெருமை சற்றே அடங்கும். இங்கேயே நெடுங்காலம் வாழ்ந்தவர்க்கும் ஒரு சொல்: 2012 மார்ச்சு 25 அன்று இந்நாட்டின் வழிவிடும் விதியே மாறியது. அதற்கு முன் ஓட்டப் பழகியவர்கள் பழைய விதியைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது.

இளையோர் அலட்சியமாகக் கடந்து செல்லும் இன்னொன்று, வரையறுக்கப்பட்ட உரிமத்தின் நிபந்தனைகள். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டலாகாது. மேற்பார்வையாளர் இன்றி நண்பர்களை ஏற்றலாகாது. உடன்பிறந்த தம்பி தங்கையும் இத்தடைக்கு விலக்கல்லர். அரங்கேற்ற ஒத்திகை முடிய இரவு பத்தரை ஆகிவிடுகிறது. 'அண்ணா, எங்களையும் இறக்கி விடுங்கள்' என்று மூவர் ஏறிக் கொள்கின்றனர். உதவி செய்யும் நல்லெண்ணமே அங்கு உள்ளது. ஆனால் காவலர் நிறுத்தினால் 100 டாலர் தண்டமும் 35 குற்றப் புள்ளிகளும் விழும். ஈராண்டுக்குள் 100 புள்ளிகள் சேர்ந்தால் மூன்று மாதம் உரிமம் இடைநிறுத்தப்படும். மூன்று முறை பிடிபட்டாலே அந்த எல்லை தாண்டிவிடும். விபத்து நேரின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கவும் கூடும். குற்றமற்ற பதிவே முழு உரிமத்திற்கு வழி என்றாகும்போது இத்தகைய 'சிறு உதவி'களின் விலை இன்னும் உயரும். ஒத்திகையை ஒன்பது மணிக்கு முடிப்பது ஆசிரியர்க்கும் ஒருங்கிணைப்பாளர்க்கும் இயலாத செயலா?

தாயகத்திலிருந்து உரிமத்துடன் வருவோரின் நிலை இவ்விவாதத்தில் அதிகம் பேசப்படவில்லை. இந்தியாவோ இலங்கையோ விலக்களிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆகவே அங்கிருந்து வருவோர் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதியே உரிமத்தை மாற்ற வேண்டியுள்ளது. அமெரிக்காவிலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ வருவோர்க்கு அத்தேர்வுகள் இல்லை. வலப்புறம் ஓட்டிப் பழகிய அமெரிக்கருக்கு விலக்கும், இங்குள்ளது போலவே இடப்புறம் ஓட்டும் கொழும்பு வாசிக்குத் தேர்வும் என்பது வினோதமாகத் தோன்றலாம். உரிமம் வழங்கும் முறையின் நம்பகத்தன்மையே அளவுகோல் என்று அதிகாரிகள் விடையளிப்பர். தாயகத்தில் தரகர் வழியாக உரிமம் வாங்கும் வழக்கத்தை அறிந்த எவரும் அதை முற்றாக மறுக்கவும் முடியாது. ஆகவே விலக்குக் கேட்டுப் போராடுவதைவிட, தேர்வுக்கான காத்திருப்பு குறையவும் ஆயத்தத்துக்கான விளக்கங்கள் தமிழில் கிடைக்கவும் கோருவதே பொருத்தமானது. உரிமம் மாற்றத் தாமதித்து, வெளிநாட்டு உரிமத்தின் காலவரம்பு கடந்த பின்னும் ஓட்டிக் கொண்டிருப்போர் உரிமம் இல்லாதவராகவே கருதப்படுவர் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.

விபத்து இழப்பீட்டுக் கழகமான ஏ.சி.சி.யும் நிலப் போக்குவரத்து முகமையும் இணைந்து நடத்தும் 'டிரைவ்' என்னும் இணையதளத்தில், கற்போர் ஒவ்வொரு திறனையும் எவ்வாறு பழக வேண்டும் என்பது கட்டணமின்றிக் கிடைக்கிறது. பிள்ளையும் பெற்றோரும் அதை ஒருமுறை சேர்ந்து அமர்ந்து பார்க்கலாம். ஒரு சிறு குறிப்பேட்டில் ஓட்டிய நேரத்தையும் இடத்தையும் எழுதி வரலாம்: மழையில் எத்தனை மணி நேரம், இரவில் எத்தனை, நெடுஞ்சாலையில் எத்தனை என்று. சட்டம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் பக்கத்தை வரும் சனிக்கிழமையே தொடங்கலாம்.