இருக்கையில் அமர்பவர் யார்?

விமானம் பழுதுற்று வீழும் வேளையில் போர்விமானிக்கு எஞ்சியிருக்கும் ஒரே துணை, அவர் அமர்ந்திருக்கும் இருக்கை. கைப்பிடியை இழுத்தவுடன் மேல்மூடி வழிவிடுகிறது, அடியிலுள்ள வெடிமருந்து இருக்கையோடு அவரை மேலே எறிகிறது, ராக்கெட் இன்னும் உயர்த்துகிறது, பாரசூட் விரிகிறது. எல்லாம் சில விநாடிகளுக்குள் முடிந்துவிடும். எஜெக்‌ஷன் சீட் என்று உலகம் வழங்கும் இவ்விருக்கைகளால் உயிர் பிழைத்தோர் பல்லாயிரவர். இத்துறையில் முன்னோடியான மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தின் இருக்கைகள் மட்டுமே 7,000 பேருக்கு மேல் காத்துள்ளன.

இத்தகைய இருக்கையை இன்று முதலில் கணினியில்தான் செய்து பார்க்கிறார்கள். சிமுலேஷன் எனப்படும் அந்த முறையை நான் கணினி ஒத்திகை என்றே சொல்வேன். பொறியியல் பயிலும் நம்மவர் பலரும் ஏதோ ஒரு வகையில் அவ்வொத்திகையைச் செய்பவர்களே. அவர்கள் முன்னும், பொறியியல் பயிலாத மற்ற நண்பர்கள் முன்னும் நான் வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான்: கணினியின் விடை சரியா என்று கேட்பதற்கு முன், அக்கணக்கில் அமர்த்திய உடல் யாருடையது என்று கேட்க வேண்டும்.

கணினி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? மனிதனையே அமர்த்தி எறிந்து பார்த்தார்கள். 1945 ஜனவரியில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மார்ட்டின் 16 அடி உயரச் சோதனைச் சட்டம் ஒன்றை நிறுவினார். அவரது தொழிலகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் லிஞ்ச் அதில் துணிந்து அமர்ந்தார். நான்காவதாக அமர்ந்தவர் ஒரு பத்திரிகையாளர். அவருடைய முள்ளெலும்புகள் நசுங்கின. அந்தத் துன்பத்திலிருந்து மார்ட்டின் ஓர் உண்மையைக் கண்டார். எவ்வளவு விசை என்பது மட்டுமன்று, அவ்விசை எவ்வளவு விரைவில் ஏறுகிறது என்பதும் முதுகெலும்பின் கதியை முடிவு செய்கிறது. ஒரே வெடியை இரண்டாகப் பிரித்து, உந்துதலைப் படிப்படியாக ஏறச் செய்தார். 1946 ஜூலை 24 அன்று, பறக்கும் மீட்டியர் விமானத்திலிருந்து லிஞ்ச் வெளியே எறியப்பட்டு நலமாகத் தரையிறங்கினார்.

அன்று ஒருவர் முதுகெலும்பு கற்பித்த பாடத்தை இன்று எவரையும் வருத்தாமல் கற்கலாம். இதுவே கணினி ஒத்திகையின் பெருமை. இருக்கையின் சட்டம், தண்டவாளம், பட்டை, பூட்டு ஆகிய யாவற்றையும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வளைகிறது, எங்கே முறியும் என்று கணக்கிடுகிறார்கள். ஃபைனைட் எலிமெண்ட் முறை என்பது இதுதான். தாங்க வேண்டிய சுமைகளும் எளியவை அல்ல. வெடியின் உதை ஒன்று. பாரசூட் விரியும்போது வரும் வெட்டியிழுப்பு ஒன்று. காற்றின் அறை ஒன்று. கடல்மட்டத்தில் 600 நாட் வேகத்தில் வெளியேறுபவரின் மீது, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 6 டன் எடைக்கு நிகராகக் காற்று அழுத்துகிறது. கைகால்களைப் பட்டைகள் பிடித்து வைக்காவிட்டால் அவை என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இரும்பைக் கணக்கிடுவது ஒருவாறு எளிது. எலும்பைக் கணக்கிடுவதுதான் அரிது. 1960களில் அமெரிக்கர்கள் அதற்கு ஒரு சுருக்கவழி கண்டனர். மனித உடலை ஓர் எடையாகவும், முதுகெலும்பை அதைத் தாங்கும் ஒரு ஸ்பிரிங்காகவும் பாவித்தனர். அந்த ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொன்னார்கள். அந்த எண் 18 ஆனால், நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரின் முதுகெலும்பு காயமுறும் என்பது அவர்கள் மதிப்பீடு. எளிமையான, பயனுள்ள கணக்கு. ஆயின் அந்த ஸ்பிரிங்கின் வலிமை எவரைப் பார்த்துக் குறிக்கப்பட்டது? அக்காலப் படைவிமானிகளை மனத்திற் கொண்டு குறிக்கப்பட்டது. அவர்கள் அனைவரும் ஆண்கள்.

"சராசரி மனிதனுக்குக் கணக்கிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். இதற்கு விடை 1950களின் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4,063 அமெரிக்க விமானிகளின் உடல் அளவுகளை ஆராய்ந்தார். உயரம், மார்பு, கை நீளம் முதலிய பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டியவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர் கூட இல்லை! சராசரி மனிதன் காகிதத்தில்தான் இருக்கிறான், விமானத்தில் ஏறுவதில்லை.

ஒரு சிறு கணக்கு. இருக்கையும் அதனுடன் சேர்ந்தவையும் 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தால் மொத்தம் 190. 60 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தால் 150. உந்துவிசை ஒன்றேயானால், கனத்தவர் தம் எடையைப் போல் 14 மடங்கை உணரும்போது, மெலிந்தவர் ஏறத்தாழ 18 மடங்கை உணர்வார். அவருடைய கழுத்தோ சிறிது. தலையிலிருக்கும் கவசமோ அதே எடை. காக்க வந்த கருவி மெலிந்தவரிடம் கடுமை காட்டுகிறது.

இது வெறும் ஊகமன்று. 2015இல் அமெரிக்காவின் எஃப்-35 விமான இருக்கையில் எடை குறைந்த பொம்மைகளை அமர்த்திச் சோதித்தபோது, கழுத்துக்கு ஆபத்து உண்டென்று தெரிந்தது. 136 பவுண்டுக்கு, அதாவது சுமார் 62 கிலோவுக்குக் குறைந்தவர்கள் அவ்விமானத்தை ஓட்டக்கூடாது என்று தடை விதித்தார்கள். பின்னர்க் கவசத்தின் எடையைக் குறைத்தார்கள். மெலிந்தவருக்குப் பாரசூட் சற்றுத் தாமதித்து விரிய ஒரு சுவிட்சு வைத்தார்கள். தலையைத் தாங்க ஒரு துணிப்பட்டையைச் சேர்த்தார்கள். 2017இல் தடை நீங்கியது. மெலிந்த பொம்மையை அமர்த்தியதால் குறை தெரிந்தது. அமர்த்தாதிருந்தால் ஒரு விமானியின் கழுத்தன்றோ அதைச் சொல்லியிருக்கும்!

நிற்க. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சோதனை இருக்கக் கணினி எதற்கு?" என்பார் சிலர். அவர்களோடு நான் உடன்படேன். ஒவ்வொரு சோதனையும் பெரும் பொருளையும் பல மாத உழைப்பையும் விழுங்குவது. எல்லா வேகத்திலும், எல்லா உயரத்திலும், எல்லா உடலுக்கும் சோதனை செய்ய எந்த நாட்டாலும் இயலாது. கணினியோ ஓரிரவில் நூறு உடல்களை அமர்த்திப் பார்க்கும். ஆனால் நாம் கொடுத்த உடல்களைத்தான் அமர்த்தும். கொடாததைக் கேட்டு வாங்கிக்கொள்ளாது. ஆகவே ஒத்திகையும் வேண்டும், அரங்கேற்றமும் வேண்டும். சண்டிகரில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையினர் 2025 டிசம்பரில் விமானத்தின் முகப்பைத் தண்டவாளத்தில் ஏற்றி, ராக்கெட்டுகளால் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தி, கருவிகள் பொருத்திய பொம்மையை வெளியேற்றிக் காட்டினார்கள். கணக்கைச் சரிபார்க்கும் இத்தகைய வசதி சில நாடுகளிடமே உண்டு. அது நம்மிடம் இருப்பது பெருமைக்குரியது.

நம் தேஜஸ் விமானத்தின் இருக்கை பிரிட்டனில் உருவானது. சுகோய்-30இன் இருக்கை ரஷ்யாவில் உருவானது. 2024 மார்ச்சில் ஜெய்சால்மர் அருகே தேஜஸ் ஒன்று வீழ்ந்தபோது அதன் விமானி உயிர் தப்பினார் என்பதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் இருக்கை எங்கிருந்து வந்தாலும் அமர்பவர் நம்மவர். 2016 முதல் நம் பெண்களும் போர்விமானம் ஓட்டுகிறார்கள். நம் நாட்டு ஆண், பெண் இருபாலாரின் உயரம், எடை, கழுத்தின் வலிமை, எலும்பின் உறுதி ஆகியவற்றை நாமே அளந்து கணக்கில் ஏற்ற வேண்டும். பிறர் அளவில் தைத்த சட்டை சற்றுத் தொளதொளவென்றிருந்தால் கேடில்லை. பிறர் அளவில் செய்த இருக்கை அப்படியன்று.

ஆதலின் பொறியியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீங்கள் ஓர் ஒத்திகை செய்யும்போது, சிவப்பும் நீலமுமாகப் படம் வந்துவிட்டதென்று எழுந்துவிடாதீர்கள். மிக மெலிந்தவரையும் மிகக் கனத்தவரையும் அமர்த்திப் பாருங்கள். நிமிர்ந்திருப்பவரை மட்டுமன்றி, குனிந்து திரும்பியிருப்பவரையும் அமர்த்துங்கள். ஆபத்து வரும்போது எவரும் பாடப்புத்தகத்தில் வரைந்தபடி உட்கார்ந்திருப்பதில்லை. உங்கள் எண்ணை ஏதேனும் ஒரு சோதனையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். அறிக்கையின் முதற்பக்கத்திலேயே, "இக்கணக்கு இன்ன உடலுக்குப் பொருந்தும், இன்ன உடலுக்கு இன்னும் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்கும் வடிவமைப்பாளர், விடுபட்ட உடலையும் அமர்த்திப் பார்ப்பார். அதனால் காப்பாற்றப்படும் கழுத்து யாருடையதென்று நாம் அறியப்போவதில்லை. அறிய வேண்டுவதும் இல்லை.